ஸ்டார் வந்தார், கூட்டம் போனது

1

போன வாரம் டூட்டியில் இருக்கும்போது உமர் காக்கா போன் செய்தார்.

"தம்பி, இந்த வருஷமும் ஒரு ஸ்டாரைக் கூட்டியாந்துருவோமா? போன வருஷம் மாதிரி கூட்டம் அள்ளணும்."

"கலாஸ், முடிஞ்சது காக்கா. இனி அந்த வேலைக்கு என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவருக்குக் கோபம். காரணமும் புரியவில்லை. ஊரிலும் யாருக்கும் புரியவில்லை. லீவில் ஊருக்குப் போயிருந்தபோது அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஷார்ஜாவுக்கு அவரை வரவழைச்சது நீங்கதானாமே, போட்டோ பாத்தேன்" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். நான் எழுத்தாளன் இல்லை. ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியும்.

2

நாங்கள் ஷார்ஜாவில் ஒரு கபடி அணி வைத்திருக்கிறோம். புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டத்துப் பையன்கள். பையன்கள் என்று சொல்கிறேன், பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. சாரம் கட்டுகிறவர்கள், ஏசி பைப் போடுகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள். முன்பு வெள்ளிக்கிழமை ஆடினோம். லீவு மாறிய பிறகு ஞாயிற்றுக்கிழமை. சஜா பக்கம் ஒரு லேபர் கேம்ப்புக்குப் பின்னால் இருந்த மண் தரையைக் கேட்டு வாங்கி, கல் பொறுக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடினோம். நான் ஆடுவதில்லை. முட்டி போய்விட்டது. செக்ரட்டரி என்று பெயர். தண்ணீர் பாட்டில் வாங்குவது, மேட்ச் பேசுவது, ஏழு பேர் லிஸ்ட் போடுவது என் வேலை. காக்கா தலைவர். கீழக்கரைக்காரர், அங்கே அண்ணனைத்தான் காக்கா என்பார்கள். ரோலாவில் மளிகைக் கடை, அஜ்மானில் இன்னொன்று. ஜெர்சி அவர் செலவு.

எங்களுக்கு ஒரு கூட்டம் இருந்தது. முப்பது நாற்பது பேர். அதை எவனும் கூட்டம் என்று சொல்ல மாட்டான். ஆனால் ஒரு வாரம் தவறாமல் வரும். சைட்டிலிருந்து காலி பெயின்ட் வாளியை எடுத்து வருவார்கள், கவிழ்த்துப் போட்டு உட்காருவார்கள். யார் வாளி எந்த இடம் என்பதுகூட முடிவாகிவிட்டிருந்தது. குல் பாய் என்று ஒரு பட்டாணியர், பாகிஸ்தான்காரர், கம்பெனி பஸ் டிரைவர். அவருக்குக் கபடி எங்கள் ஆட்களைவிட நன்றாகத் தெரியும். கோட்டு ஓரத்தில் வெள்ளை வாளியில் உட்கார்ந்து, "அரே பக்கடோ, சோட்னா மத்" என்று தொண்டை கிழியக் கத்துவார். பிடி, விடாதே என்று அர்த்தம். எங்கள் பையன் சொதப்பினால் பெயர் சொல்லித் திட்டுவார். எல்லார் பெயரும் அவருக்குத் தெரியும்.

என் மகள் வந்ததில்லை. நாங்கள் குடியிருக்கும் ரோலாவிலிருந்து சஜாவுக்கு அரை மணிநேரம். இங்கேயே பிறந்தவள், பத்தாவது படிக்கிறாள். தமிழில் கேட்டால் பாதி நேரம் இங்கிலீஷில் பதில் சொல்வாள். "அப்பா, இட்ஸ் ஜஸ்ட் அங்கிள்ஸ் ஃபைட்டிங் இன் சேண்ட்" என்பாள். மாமாக்கள் மணலில் சண்டை போடுகிறார்களாம். அவள் அம்மா சிரிப்பாள். நானும் சிரித்துத் தொலைப்பேன்.

3

முருகேசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவாடானை பக்கத்து ஆள். சாரம் கட்டும் வேலை. பதினொரு வருஷமாக எங்கள் லெஃப்ட் கார்னர். கபடி பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: பாடி வருகிறவன் எல்லார் கண்ணிலும் படுவான், கைதட்டு அவனுக்குத்தான். ஓரத்தில் குனிந்து நின்று அவனைப் பிடிக்கிறவனை யாரும் பார்க்க மாட்டார்கள். பிடி விழுந்த பிறகு மேலே ஆறு பேர் விழுவார்கள், அவன் அடியில் கிடப்பான். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு மறுபடி ஓரத்துக்குப் போவான். அதுதான் முருகேசன்.

போன வருஷம் அவன் கம்பெனி ஆள் குறைத்தது. விசா கேன்சல். ஊருக்குப் போகத் தேதி குறித்துவிட்டார்கள். அதே சமயத்தில்தான் காக்காவுக்கு இந்த யோசனை வந்தது: இந்தியாவிலிருந்து பெயர்பெற்ற ரைடர் ஒருவரை வரவழைத்து ஒரு மேட்ச். பெயர் சொல்ல மாட்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

"முப்பது பேருக்கு முன்னாடி எத்தன வருஷம்தான் ஆடுவீங்க? ஸ்டார் வந்தா ரெண்டாயிரம் பேரு வருவான். அதுல இருநூறு பேரு நம்ம கூட நிப்பான். கிளப்பு வளந்துரும்" என்றார் காக்கா. நியாயமாகத்தான் இருந்தது. நானும் நம்பினேன்.

எல்லாரையும்விடச் சந்தோஷப்பட்டவன் முருகேசன். காரணம் ஸ்டார் இல்லை. மேட்சை முழுசாக லைவ் போடப்போவதாகக் காக்கா சொல்லியிருந்தார். முருகேசன் பெண்சாதி வளர்மதி அவன் ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை. அவன் இங்கே வந்த பிறகு நடந்த கல்யாணம். எப்போதாவது ஒரு நிமிஷ வீடியோ அனுப்புவான். தூரத்தில் புழுதி, நாலைந்து கால்கள். "இதுல நீங்க யாரு?" என்று கேட்பாளாம்.

"அண்ணே, கடைசி மேட்ச்ண்ணே. முழுசா ஒரு தடவ பாத்துட்டான்னா போதும். கல்யாணம் ஆனதுலருந்து லீவு நாளெல்லாம் எங்க போய்த் தொலையிறீங்கன்னு கேப்பா. தெரிஞ்சுக்கிடட்டும்" என்றான்.

அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

4

அனுமதி வாங்க அலைந்ததைத் தனியாகவே எழுதலாம். முப்பது பேர் வாளியில் உட்கார்ந்தால் கேட்பார் இல்லை. ரெண்டாயிரம் பேர் என்றால் பெர்மிட் வேண்டும். ஆம்புலன்ஸ், செக்யூரிட்டி, தடுப்பு, மேடை, வரைபடம். மூன்று முறை லீவு போட்டு டைப்பிங் சென்டரில் நின்றேன். அங்கே கம்ப்யூட்டரில் விளையாட்டுப் பட்டியலில் கபடி இல்லை. டைப் செய்கிற மலையாளிப் பையன், "சேட்டா, ஓடணும், பிடிக்கணும், தள்ளி வீழ்த்தணும், அல்லே? ரக்பி போடாம்" என்று சொல்லி ரக்பி என்று போட்டுவிட்டான். மாற்றச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றான். சரி, போட்டும் என்றேன்.

மேட்சுக்கு முந்தின நாள் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர். மைதானத்தைச் சுற்றி வந்தார். போஸ்ட் எங்கே என்றார். இல்லை என்றேன். பந்து எங்கே என்றார்.

"பால் மாஃபி" என்றேன், பந்து இல்லை என்று.

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "பால் மாஃபி, ரக்பி?" என்றார்.

நான் முருகேசனைக் கூப்பிட்டு, மூச்சை அடக்கிப் பாடிக் காட்டச் சொன்னேன். அவன் கோட்டைத் தாண்டிப் போய் அந்த அதிகாரியின் டிரைவரைத் தொட்டுவிட்டு ஓடி வந்தான். டிரைவர் பயந்துவிட்டான். அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஆக, தாளில் இன்றைக்கும் நாங்கள் ரக்பி அணிதான்.

அன்று சாயங்காலம் காக்கா போன் செய்தார். ஸ்டார் தன்னோடு ஆடுகிற லெஃப்ட் கார்னரையும் கூட்டி வருகிறாராம். முட்டியில் ஆபரேஷன் ஆனவர், பழக்கமில்லாதவனைப் பக்கத்தில் வைத்து ஆடப் பயப்படுகிறார். ஏழு பேரில் ஓர் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

"முருகேசன் காக்கா" என்றேன்.

"தெரியும் தம்பி. என்ன செய்யச் சொல்ற? அவரு வரலேன்னா யாரு வருவா? முருகேசனப் பாக்கவா ரெண்டாயிரம் பேரு வாரான்?"

லிஸ்டை மாற்றி எழுதினேன். எழுதியதை அவனிடம் நேரில் சொல்லக்கூட எனக்குத் துப்பில்லை. வாட்ஸாப் குரூப்பில் போட்டேன். எட்டாவது பெயராக, மாற்று ஆட்டக்காரன் முருகேசன். ஐந்து நிமிஷம் கழித்து ஒரு கட்டைவிரல் அனுப்பினான்.

5

கூட்டம் வந்தது. அதைப் பொய் சொல்ல முடியாது. ரோலாவிலிருந்து, துபாய் சத்வாவிலிருந்து, அஜ்மானிலிருந்து, குடும்பம் குடும்பமாக. என் வாழ்க்கையில் சஜாவில் அத்தனை பெண்களைப் பார்த்ததில்லை. கார் நிறுத்த இடமில்லை. என் மகள் மூன்று தோழிகளோடு வந்திருந்தாள்; தானாகக் கேட்டு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நீங்கதான் ஆர்கனைசர்னு இவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். அவ்வளவு சீப்பானவன் நான்.

முன்வரிசையில் வெள்ளைத் துணி போட்ட நாற்காலிகள். விளம்பரம் கொடுத்தவர்கள், அவர்கள் வீட்டார். எங்கள் வாளிக்காரர்களைச் செக்யூரிட்டி வாசலிலேயே நிறுத்தினான். வாளி உள்ளே வரக் கூடாது. வாளியை வேலி ஓரத்தில் போட்டுவிட்டுக் கயிற்றுக்குப் பின்னால் போய் நின்றார்கள். குல் பாய் என்னைப் பார்த்துக் கை காட்டினார். எனக்கு நேரமில்லை. நானும் கை காட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

முருகேசன் ஜெர்சி போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, செகண்ட் ஆஃப்ல எறக்கிவிட்ருவீங்கல்ல?"

"பாப்போம்டா."

"வீட்ல போன டிவியில மாட்டி எல்லாரும் உக்காந்துருக்காங்களாம். பெஞ்சத்தான் நல்லாக் காட்டுறாங்களாம். சட்டை நல்லாருக்குன்னு சொல்றா." சிரித்தான்.

ஸ்டார் வந்தார். வணக்கம் சொன்னார். முதல் பாதி இருபது நிமிஷம் ஆடினார். எட்டு முறை பாடிப் போயிருப்பார். காலை எடுத்து வைக்கிற விதமே தனி, அதையும் பொய் சொல்ல முடியாது. அவர் போகும்போது ரெண்டாயிரம் போன் தூக்கியது. எதிர் அணி, முசஃபா கேம்ப் பசங்கள், அவரைப் பிடிக்கக் கூசினார்கள். ஒருத்தன் அவர் தொட்டு அவுட் ஆனதும் அவருக்கே கை கொடுத்தான். மற்ற ஆறு பேர் பாடும்போது கூட்டம் சமோசா வாங்கப் போனது.

பாதி முடிந்ததும் காக்கா அவரைக் கையோடு கூட்டிப்போனார். அஜ்மானில் காக்காவின் நண்பர் ஒருவருக்குப் புதுக் கடைத் திறப்பு. முதலிலேயே பேசி வைத்தது. எனக்கும் தெரியும். அவரோடு அவருடைய லெஃப்ட் கார்னரும் போனான். லைவ் எடுத்துக்கொண்டிருந்த காக்கா கடைக் கேஷியரும் ஸ்டாரை விடாமல் எடுத்துக்கொண்டே பின்னால் போனான். கூட்டம் மொத்தமும் அவர்கள் பின்னால் கார்கள் நின்ற இடத்துக்கு ஓடியது.

"ஏம்மா, இன்னும் பாதி மேட்ச் இருக்கு" என்றேன் மகளிடம்.

"அவர்தான் போய்ட்டாரே. போன்ல பாத்தவர நேர்ல பாக்கத்தான் வந்தோம். மேட்ச்ச போன்லயே பாத்துக்கலாம்பா. சீக்கிரம், ஒரு செல்ஃபி."

நான் முருகேசனைப் பார்த்தேன். அவனை இறக்க யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இடம் காலி. அவன் எழுந்து, கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். கேஷியரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் போனேன்.

கார் நகர முடியவில்லை. சுற்றி ஆயிரம் பேர். நான் ஆர்கனைசர் என்று கத்திக்கொண்டே இடித்துப் புகுந்தேன். மகளையும் தோழிகளையும் முன்னால் தள்ளி நிறுத்தினேன். அப்புறம் நானும் நின்றேன். போட்டோவில் அவருடைய தோளும் என் பாதி முகமும் இருக்கின்றன. பல்லெல்லாம் தெரிகிறது. அறந்தாங்கிக்காரர் பார்த்த போட்டோ அதுதான். கேஷியரிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. என் போனைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடி நானே எடுத்திருக்கலாம். அந்த நினைப்புகூட வரவில்லை.

கார் கிளம்பி, புழுதி அடங்கி, நான் திரும்பி வந்தபோது மேட்ச் முடிந்திருந்தது. ஒரு பாயிண்டில் ஜெயித்திருந்தோம். நாற்காலிகள் காலி. நாலு பேர் முருகேசனைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதுகெல்லாம் மண். என்னைப் பார்த்ததும் விலக்கிவிட்டு ஓடி வந்தான்.

"பாத்தீங்களாண்ணே, கடைசிப் பிடிய?"

"பாத்தேன்டா" என்றேன்.

6

அன்றைக்கே வளர்மதி எனக்குப் போன் செய்தாள். ஊரில் மணி ஒன்பது இருக்கும்.

"அண்ணே, பெஞ்சக் காட்டிட்டு அப்பறம் ஒரே காராக் காட்டுனாங்க. அப்படியே கட்டாயிருச்சு. இவரு கடைசில ஆடுனாராமே? இவருகிட்டக் கேட்டா, சும்மா பிடிச்சேன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறாரு. நீங்க பாத்தீங்களாம்ல, சொல்லுங்கண்ணே. மாமா, அத்தையெல்லாம் பக்கத்துல இருக்காங்க, ஸ்பீக்கர்ல போடுறேன்."

நான் சொன்னேன். எதிர் அணியில் அந்தோணி என்று ஒருத்தன், காளை மாதிரி இருப்பான், கடைசியாகப் பாடி வந்தான், ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை, எல்லாரும் எழுந்து நின்றுவிட்டோம் என்று ஆரம்பித்தேன். கடைசியாகப் பாடியது அவன் என்பது மட்டும் பையன்கள் பேசிக் காதில் விழுந்திருந்தது. முருகேசன் எப்போதும் கணுக்காலைத்தான் பிடிப்பான். பதினொரு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அதனால் கணுக்கால் என்றே சொன்னேன். தரையோடு பாய்ந்து, ரெண்டு கையாலும் கணுக்காலைக் கட்டி, அவன் இழுத்த இழுப்புக்கு மூன்றடி மண்ணில் தேய்ந்துகொண்டே போய், விடவில்லை என்று சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ "ஆத்தாடி" என்றார்கள். நன்றாகத்தான் சொன்னேன்.

வேறு யாராவது வீடியோ எடுத்தார்களா என்று பிறகு கேட்டுப் பார்த்தேன். கயிற்றுக்குப் பின்னால் மிச்சம் நின்ற ஒன்றிரண்டு பேரும் எடுக்கவில்லை. போன் மெமரி நிறைந்துவிட்டதாம். எல்லார் போனிலும் ஸ்டார்.

முருகேசன் அந்த வாரமே போய்விட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காக்கா தண்ணீர் பாட்டில் பத்துப் பெட்டி அனுப்பியிருந்தார். இருநூறு பேர் நிற்பார்கள் என்று சொன்னாரே, அதற்காக. வந்தவர்களைக் கையால் எண்ணினேன். பதினோரு பேர். ரெண்டாயிரத்தில் ஒருத்தன்கூட வரவில்லை, அது எதிர்பார்த்ததுதான். பழைய ஆட்கள் பாதிக்கு மேல் வரவில்லை, அதுதான் எனக்கு உறைத்தது. வாளிகள் வேலி ஓரத்திலேயே கிடந்தன. குல் பாயைக் கம்பெனி கேட்டில் பார்த்துக் கேட்டேன். "வோ தும்ஹாரே ஹீரோ கா கேல் தா, பாய். ஹமாரா நஹீ" என்றார். அது உங்கள் ஹீரோவின் ஆட்டம், எங்களுடையது இல்லை என்று. கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கூட்டத்தைக் கொண்டுவருவது ஸ்டார் என்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவர் கொண்டுவந்த கூட்டத்தை அவரே கூட்டிப்போய்விட்டார். போகும்போது எங்கள் நாற்பதில் முப்பதையும் சேர்த்துக் கூட்டிப்போனார். அவர் கூட்டிப்போகவில்லை, நாங்கள் துரத்தினோம். இடம் இல்லாமல் ஒருமுறை கயிற்றுக்குப் பின்னால் நின்றவன், தனக்கு அங்கே என்ன மதிப்பு என்று தெரிந்துகொண்டவன், எதற்குத் திரும்பி வருவான்? நானாக இருந்தாலும் வர மாட்டேன்.

7

ரெண்டு மாதம் கழித்துச் சாமான் எடுக்க முசஃபா போயிருந்தேன். அந்தோணியைப் பார்த்தேன். டீ குடித்தோம். அவனாகவே ஆரம்பித்தான்.

"ஒங்க முருகேசன் ஏமாத்திட்டாருண்ணே. கால்லதான் விழுவாருன்னு எல்லாருக்கும் தெரியும். நான் காலத் தூக்கிட்டேன். மனுஷன் விழவேயில்ல. நின்ன எடத்துலருந்து அப்பிடியே இடுப்பக் கட்டித் தூக்கிட்டாரு. என்னைய, என்னையவே தூக்கிட்டாரு. இத்தன வருஷத்துல அவரு நின்னு பிடிச்சத நான் பாத்ததே இல்ல. நீங்க பாத்துருக்கீங்களா?"

இல்லை என்றேன். அந்தப் பிடியைப் பற்றி நான் உண்மையாகப் பேசிய ஒரே வார்த்தை.

லீவில் ஊருக்குப் போயிருந்தபோது திருவாடானைக்குப் போனேன். முருகேசன் ஒரு சென்ட்ரிங் கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறான். மீன் வாங்கி வந்து சமைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, "இவருதான் அந்தத் துபாய் அண்ணனா?" என்றாள். அவ்வளவுதான், வளர்மதி பரிமாறிக்கொண்டே அந்தக் கதையைத் தொடங்கினாள். காளை மாதிரி ஆள், ஒரு நிமிஷம்கூட இல்லை, எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க. தரையோடு பாய்ந்தது, கணுக்காலைக் கட்டியது, மூன்றடி மண்ணில் தேய்ந்தது. நான் சொன்ன ஒரு சொல் மாறவில்லை. பலமுறை சொல்லியிருக்கிறாள், கேட்டாலே தெரிந்தது. மகன் பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லியிருக்கிறானாம்.

முருகேசன் எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கதையை இவன் எத்தனை தடவை கேட்டிருப்பான். முதல் தடவை கேட்டபோதே தெரிந்திருக்கும், நான் அங்கே இல்லை என்று. தன் வாழ்நாளில் பிடித்த ஒரே இடுப்புப் பிடியைக் கோட்டுக்கு வெளியே அநேகமாக ஒருத்தனும் பார்க்கவில்லை, பார்த்தேன் என்று சொன்னவனும் பார்க்கவில்லை என்று தெரிந்திருக்கும். இத்தனை மாதத்தில் ஒரு போனில்கூடக் கேட்கவில்லை. அவளிடமும் திருத்திச் சொல்லவில்லை.

"அப்படித்தானேண்ணே?" என்றாள் வளர்மதி.

"ஆமாம்மா" என்றேன்.

முருகேசன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபம் எதுவும் இல்லை.

"அண்ணனுக்கு இன்னொரு மீன் வையி" என்றான்.

வைத்தாள். தின்றேன். அந்தப் பிடி இடுப்புப் பிடி, வளர்மதி. நான் பார்க்கவில்லை.